புராஸ்டேட் சுரப்பியில் கால்சியப் படிவு: எப்போது பொருட்படுத்த வேண்டும்?

புராஸ்டேட் சுரப்பிக்குள் கால்சியம் படிவது, ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் மாற்றம். இளவயதினரிடமும் இது உண்டு. பெரும்பாலும் வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் தென்படும். ரிப்போர்ட்டில் 'கால்சிஃபிகேஷன்' என்ற ஒரு வரியைப் பார்த்ததும் புற்றுநோயோ என்று பலர் கலங்கிப்போகிறார்கள். இந்தப் படிவு புற்றுநோயின் அடையாளம் அல்ல.

படிவு உண்டாகும் விதம்

சுரப்பியின் நுண்குழல்களில் திரவம் தேங்கினால், அதிலுள்ள புரதமும் உதிர்ந்த செல்களும் இறுகிச் சிறு உருண்டைகளாகின்றன. அவற்றின்மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்து, அவை கற்களாகின்றன. வயதாக ஆகச் சுரப்பி வீங்கிக் குழல்களை நெருக்குவதும், சிறுநீர் அக்குழல்களுக்குள் பின்னோக்கிப் புகுவதும் இதற்குத் துணைபோகின்றன. அழற்சிக்கும் பங்கு உண்டு: இக்கற்களைப் பகுத்துப் பார்த்தபோது, வெள்ளணுக்கள் சுரக்கும் கால்புரொடெக்டின் என்ற புரதம் அவற்றுக்குள் இருந்தது. அரிதாக, காசநோய் புராஸ்டேட்டைத் தாக்கி ஆறிய இடத்திலும் கால்சியம் படியலாம்.

வலிக்குக் காரணம் கல்தானா?

நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி உள்ளவருக்கு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் வலி, அடிவயிற்றில் இறுக்கம், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், விந்து வெளியேறும்போது வலி ஆகியவை மாதக்கணக்கில் வந்துவந்து போகும். இவர்களுள் பெரும்பாலோருக்குப் பரிசோதனையில் கிருமி எதுவும் அகப்படாது. அந்நிலையை நாள்பட்ட இடுப்புவலி நோய்க்குறி என்பார்கள்.

இத்தகையவர்களில் படிவு உள்ளவர்களுக்கு அழற்சிச் செல்கள் கூடுதலாக இருப்பதும், நோய் நெடுங்காலம் நீடித்திருப்பதும் ஆய்வில் தெரியவந்தது. ஆனால் வலியின் கடுமையில் பெரிய வேறுபாடு இல்லை. பெரிய படிவை வைத்துக்கொண்டு ஒரு தொல்லையும் இல்லாமல் இருப்பவர் உண்டு. படிவே இல்லாமல் வலியால் அவதிப்படுபவரும் உண்டு. ஆகவே, ஸ்கேனில் கல் தெரிகிறது என்பதற்காக வலிக்கு அதையே பொறுப்பாக்குவது அவசர முடிவு.

கிருமி குடியேறும்போது

கல்லைப் பொருட்படுத்தியே ஆகவேண்டிய நிலை ஒன்று உண்டு. சிறுநீர்த்தொற்று வருகிறது, மாத்திரையில் அடங்குகிறது, சில வாரங்களில் மீண்டும் வருகிறது. கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) ஒவ்வொரு முறையும் அதே கிருமி, பெரும்பாலும் ஈ.கோலை. கிருமிகள் கல்லின் இடுக்குகளில் பசைபோன்ற படலத்தைப் போர்த்திக்கொண்டு தங்கிவிடுகின்றன. அதற்குள் ஆன்டிபயாட்டிக் போதிய அளவு ஊடுருவாததால், மருந்தை நிறுத்தியதும் தொற்று தலைதூக்குகிறது.

இதைக் கண்டறிய இரண்டு குப்பிச் சோதனை உதவும். முதலில் ஒரு குப்பியில் நடுச்சிறுநீர் பிடிக்கப்படும். மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் சுரப்பியை அழுத்தித் தேய்த்தபின், உடனே வரும் சிறுநீர் இரண்டாம் குப்பியில் சேரும். இரண்டாவதில் மட்டும் கிருமி மிகுந்திருந்தால், அது புராஸ்டேட்டிலிருந்து வருகிறது. 1968இல் மியர்ஸ், ஸ்டேமி என்ற மருத்துவர்கள் வகுத்த நான்கு குப்பி முறையின் சுருக்கம் இது. கடும் காய்ச்சலுடன் திடீரெனத் தோன்றும் அழற்சியில் சுரப்பியை இப்படி அழுத்தக் கூடாது. கிருமி இரத்தத்தில் கலந்துவிடும்.

சிகிச்சை

தொல்லை இல்லாத படிவுக்குச் சிகிச்சை தேவையில்லை. அதைக் கரைக்கும் மருந்தும் இல்லை. சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடித்த பழக்கத்தில் இதற்கும் அதையே நாடுவோர் உண்டு. இந்தக் கல்லோ சுரப்பித் திசுவுக்குள் புதைந்து கிடக்கிறது. சாற்றால் அது வெளியேறாது.

கிருமி உறுதியானால் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளை, கல்ச்சர் முடிவைப் பார்த்து, 4 முதல் 6 வாரம் வரை தருவது வழக்கம். இவை தசைநாண்களையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடியவை. அதனால் மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்குவது ஆபத்து. கிருமியே இல்லாதவருக்கு ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கில் தொடர்வதில் பயனில்லை. அவருக்குச் சிறுநீர்ப்பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின், வலி நிவாரணிகள், இடுப்புத்தளத் தசைகளை இளக்கும் பிசியோதெரபி, மனஅழுத்தத்துக்கான உதவி ஆகியவை ஆளுக்கேற்பச் சேர்த்துத் தரப்படும்.

மருந்துக்கு அடங்காமல் தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, கல் சிறுநீர்க்குழாயை அடைத்தாலோ, உள்நோக்கிக் கருவி வழியே சுரப்பியைச் சுரண்டிக் கற்களை அகற்றும் அறுவை சிகிச்சையை யூராலஜிஸ்ட் யோசிப்பார். எல்லாக் கற்களும் வெளியே வந்துவிடும் என்ற உறுதி இதில் கிடையாது. விந்து சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும் பின்விளைவும் உண்டு என்பதால், குழந்தைப்பேறு எதிர்பார்ப்பவர் இதை மருத்துவரிடம் முன்னதாகவே பேசிவிட வேண்டும்.