தானுந்து இல்லாப் பணிப்பயணமும் கைவினை பியரும் (ஐக்கிய அமெரிக்கா)

கைவினை பியர் என்பது பெரும் மது நிறுவனங்களின் உடைமையில் இல்லாத சிறு ஆலைகளில் தயாரிக்கப்படும் பியர் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய ஆலைகள் 9,000-க்கும் மேல் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை தாம் இருக்கும் ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் மட்டுமே விற்பனை செய்கின்றன. எனவே நல்ல கைவினை பியரை அருந்த விரும்புவோர் அது தயாராகும் ஊருக்கே செல்ல வேண்டியுள்ளது. அலுவலகப் பணிக்காக வேற்றூர் செல்வோருக்கு இது எளிதாகக் கிடைக்கும் வாய்ப்பு. தானுந்து இல்லாமல் செல்வோர் தங்குமிடம், தொடர்வண்டித் தடம், கடைசி வண்டியின் நேரம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே பொருத்திப் பார்த்துக்கொண்டால் போதும். மது அருந்தும் மாலையில் தானுந்து இல்லாதிருப்பது பாதுகாப்பும் ஆகும்.

வரையறை

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இயங்கும் பியர் தயாரிப்பாளர் சங்கம் கைவினை பியர் ஆலைக்கு இரண்டு முதன்மைத் தகுதிகளை வகுத்துள்ளது.

1. சிறியதாக இருத்தல்: ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஓர் அமெரிக்கப் பியர் பீப்பாய் ஏறத்தாழ 117 லிட்டர். மேல்வரம்பு இவ்வளவு உயரமாக இருந்தாலும், பெரும்பாலான ஆலைகளின் உற்பத்தி அதில் மிகச் சிறு பங்கே ஆகும்.

2. தற்சார்புடன் இருத்தல்: கைவினை ஆலை அல்லாத வேறொரு மது நிறுவனத்தின் பங்கு 25 விழுக்காட்டை எட்டக் கூடாது.

சிகாகோவில் 1988-இல் தொடங்கப்பட்ட கூஸ் ஐலண்ட் 2011-இல் ஆன்ஹைசர்-புஷ் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அதன் பிறகு இந்த வரையறைப்படி அது கைவினை ஆலையாகக் கருதப்படுவதில்லை. பெயரும் சின்னமும் மாறாததால் பயணிகள் பலர் இந்த வேறுபாட்டை அறிவதில்லை.

வரலாறு

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நடப்பிலிருந்த மதுவிலக்கு, ஊர்தோறும் இருந்த சிறு பியர் ஆலைகளை அழித்தது. மீண்டும் எழுந்தவற்றைப் பெரு நிறுவனங்கள் விழுங்கின. 1970-களின் இறுதியில் நாடு முழுவதும் நூறுக்கும் குறைவான ஆலைகளே எஞ்சியிருந்தன. அவை பெரும்பாலும் ஒரே வகையான, மென்மையான லாகர் பியரையே தயாரித்தன.

மாற்றம் கலிபோர்னியாவில் தொடங்கியது. மூடப்படும் நிலையில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை 1965-இல் பிரிட்ஸ் மேட்டாக் வாங்கி மீட்டார். 1976-இல் ஜாக் மெக்காலிஃப் சோனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கினார். அது 1982-இல் மூடப்பட்டாலும் பின்வந்தோருக்கு முன்மாதிரியானது. 1978-இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் பியர் தயாரிப்பதை நடுவண் அரசளவில் அனுமதித்தது. வீட்டில் கற்றுக்கொண்டவர்களில் பலர் பின்னர் ஆலை உரிமையாளர்களாயினர். சியரா நெவாடா ஆலையின் கென் கிராஸ்மன் அவர்களுள் ஒருவர்.

பியரைத் தயாரித்த இடத்திலேயே அருந்துவோருக்கு நேரடியாக விற்க மாநிலங்கள் அனுமதித்தது அடுத்த பெரும் மாற்றம். மதுவிலக்குக்குப் பின் அமெரிக்காவில் தயாரிப்பாளர், மொத்த விநியோகஸ்தர், சில்லறை விற்பனையாளர் என்னும் மூன்றடுக்கு முறை அமைந்தது. ஓர் அடுக்கில் இருப்பவர் மற்றொன்றில் நுழையக் கூடாது என்பது அதன் அடிப்படை. சிறு ஆலைகளுக்கு இது பெரும் தடையாக இருந்தது. ஒரிகன் மாநிலம் 1985-இல் நேரடி விற்பனையை அனுமதித்தது. ஜார்ஜியாவில் ஆலைகள் நேரடியாக விற்க 2017 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மாநிலத்தில் ஆலைகள் எங்கே, எத்தனை உள்ளன என்பதை இன்றும் அம்மாநிலச் சட்டமே பெரிதும் முடிவு செய்கிறது.

தயாராகும் இடத்தில் அருந்துவதன் காரணம்

பியர் கெடக்கூடிய பொருள். வெப்பம், ஒளி, உயிர்வளி ஆகிய மூன்றும் அதன் சுவையைக் குறைக்கின்றன. குறிப்பாக ஹாப் பூவின் மணத்தை முதன்மையாகக் கொண்ட வகைகள் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்குகின்றன. இவ்வகைகளில் புகழ்பெற்ற 'இந்தியா பேல் ஏல்' (ஐபிஏ), பிரித்தானியாவிலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பியரால் பெயர் பெற்றது. ஆனால் இன்றைய அமெரிக்க ஐபிஏ நெடும் பயணத்தால் சுவை இழக்கும் வகைகளில் முதன்மையானது. எனவே வானூர்தி நிலையக் கடைகளிலும் உணவுவிடுதிகளின் குளிர்பெட்டிகளிலும் கிடைக்கும் பழைய புட்டியைக் கொண்டு ஓர் ஆலையின் தரத்தை மதிப்பிட முடியாது.

இதற்கு விலக்கும் உண்டு. ஆல்ககால் மிகுந்த இம்பீரியல் ஸ்டவுட், பார்லி ஒயின் போன்ற வகைகள் சில ஆண்டுகள் வைத்திருந்தாலும் தாங்கும்.

பொதுப் போக்குவரத்தில் சென்றடையத்தக்க நகரங்கள்

நகர மையங்களின் பழைய கிடங்குகளும் பட்டறைகளும் ஆட்களின்றிக் கிடந்த காலத்தில் அவற்றின் வாடகை குறைவாக இருந்தது. கனமான தொட்டிகளைத் தாங்கும் தரையும் உயர்ந்த கூரையும் அவற்றில் இருந்தன. முதல் தலைமுறை ஆலைகளில் பல அங்கே குடியேறின. அப்பகுதிகள் பெரும்பாலும் இருப்புப்பாதையை ஒட்டியே அமைந்திருந்ததால், தானுந்து இல்லாதவருக்கு இன்று அவை எட்டும் தொலைவில் உள்ளன.

டென்வர்: வானூர்தி நிலையத்தையும் நகரின் யூனியன் ஸ்டேஷனையும் இணைக்கும் 'ஏ' தடத் தொடர்வண்டி 2016 ஏப்ரலில் தொடங்கியது. பயண நேரம் ஏறத்தாழ 37 நிமிடம். நிலையத்திற்கு எதிரே, 1899-இல் கட்டப்பட்ட வணிகக் கிடங்கு ஒன்றில் 1988-இல் தொடங்கப்பட்டது விங்கூப் ஆலை அருந்தகம். அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஜான் ஹிக்கன்லூப்பர் பின்னர் டென்வர் மேயராகவும், கொலராடோ ஆளுநராகவும், அமெரிக்க மேலவை உறுப்பினராகவும் ஆனார். மாநாட்டு மையத்திற்கும் இலகு தொடர்வண்டி நிலையம் உண்டு. மாநாட்டுக்கு வருவோர் வாடகை வண்டியே இல்லாமல் இந்நகரைச் சுற்ற இயலும்.

போர்ட்லன்ட், ஒரிகன்: மேக்ஸ் இலகு தொடர்வண்டியின் சிவப்புத் தடம் 2001 முதல் வானூர்தி நிலையத்தை நகர மையத்துடன் இணைக்கிறது. மையத்தின் பேர்ல் பகுதியிலும், ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள பழைய தொழிற்பகுதியிலும் ஆலைகள் அமைந்துள்ளன. இரு கரைகளையும் டிராம் வண்டி இணைக்கிறது. 2015-இல் திறக்கப்பட்ட டிலிக்கம் கிராசிங் பாலத்தில் தனியார் தானுந்துகளுக்கு இடமில்லை. தொடர்வண்டி, டிராம், பேருந்து, மிதிவண்டி, நடப்போர் ஆகியோருக்கு மட்டுமே அது உரியது.

பாஸ்டன்: லோகன் வானூர்தி நிலையத்திலிருந்து நகருக்குச் செல்லும் சில்வர் தடப் பேருந்தில் ஏறக் கட்டணம் இல்லை. அது துறைமுகப் பகுதி வழியாகச் செல்கிறது. மாநாட்டு மையமும், 1986-இல் தொடங்கப்பட்ட ஹார்ப்பூன் ஆலையும் அப்பகுதியில்தான் உள்ளன. சாமுவேல் ஆடம்ஸ் பியரின் பாஸ்டன் ஆலை, ஆரஞ்சு மெட்ரோ தடத்தின் ஸ்டோனி புரூக் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் உள்ளது.

சிகாகோ: ஓஹேர் வானூர்தி நிலையத்திலிருந்து செல்லும் நீலத் தடம் 24 மணி நேரமும் இயங்குகிறது. இரவு நேரம் கடந்துவிட்டாலும் வண்டி உண்டு என்பது பயணிக்குப் பெரிய வசதி. விக்கர் பார்க், லோகன் சதுக்கம் ஆகிய பகுதிகள் இத்தடத்திலேயே உள்ளன.

சான் டியேகோ: கைவினை பியருக்குப் பெயர்பெற்ற இந்நகரின் நிலை வேறு. மிராமர் போன்ற புறநகர்த் தொழிற்பேட்டைகளிலேயே பல ஆலைகள் உள்ளன. மாலைக்குப் பின் அங்கு பேருந்து வசதி குறைவு. தானுந்து இல்லாதவர் நகர மையத்திலும், டிராலி எனப்படும் இலகு தொடர்வண்டித் தடங்களின் அருகிலும் உள்ள இடங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆலைக்கே செல்ல இயலாத ஊர்களும் உண்டு. வெர்மான்ட் மாநிலத்தின் புகழ்பெற்ற ஹில் ஃபார்ம்ஸ்டெட் ஆலை, தொடர்வண்டி எட்டாத சிற்றூர் ஒன்றில் உள்ளது. இத்தகைய ஆலைகளின் பியரை மாநிலத்தின் பெருநகர அருந்தகங்களில் தேடுவதே வழி.

திட்டமிடும் முறை

தங்கும் விடுதியை அலுவலகத்திற்கு அருகில் தேடுவது இயல்பு. அலுவலகம் புறநகரில் இருந்தால், இரண்டையும் இணைக்கும் தொடர்வண்டித் தடத்தில் நகர மையத்திற்கு அருகே தங்குவது மாலைகளைப் பயனுள்ளதாக்கும். காலையில் வேலைக்குச் செல்லும் அதே தடத்தில் மாலையில் திரும்பி, நிலையத்திலிருந்து நடந்தே அருந்தகத்திற்கும் விடுதிக்கும் போய்விடலாம்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை:

- ஆலையின் வேலை நாட்களும் நேரமும். திங்கள், செவ்வாயில் விடுமுறை விடும் ஆலைகள் பல. இரவு 9 அல்லது 10 மணிக்கே மூடுபவையும் உண்டு.
- திரும்பி வர வேண்டிய கடைசி வண்டியின் நேரம். போகும் வழியைவிட இதுவே முக்கியம்.
- நிலையத்திலிருந்து நடக்கும் வழியில் நடைபாதையும் விளக்கும் உள்ளனவா என்பது. அமெரிக்கத் தொழிற்பகுதிகள் பலவற்றில் நடைபாதை இருப்பதில்லை.
- உணவு கிடைக்குமா என்பது. ஆலை அருந்தகங்களில் சமையலறை இருக்கும். வெறும் சுவைக்கூடங்களில் வெளியே நிற்கும் உணவு வண்டியை நம்ப வேண்டியிருக்கும்.

நல்ல அருந்தகத்தின் அடையாளங்கள்

பியர் வகைகளின் எண்ணிக்கை மட்டும் தரத்தைக் காட்டாது. ஐம்பது குழாய்கள் இருந்து வாடிக்கையாளர் குறைவாக இருந்தால், பீப்பாய்கள் பல நாள் திறந்தே கிடக்கும். குழாய்களை இரண்டு வாரத்திற்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்பது பியர் தயாரிப்பாளர் சங்கத்தின் பரிந்துரை. கழுவாத குழாயில் வரும் பியரில் வெண்ணெய் வாடையோ புளிப்போ தோன்றும். கோப்பையின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை என்பது பொருள்.

பலகையில் ஆலையின் பெயர், வகை, ஆல்ககால் விழுக்காடு ஆகியவற்றை எழுதி வைக்கும் இடங்கள் நம்பத்தக்கவை. அடைத்த தேதி டப்பாவின் அடியில் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். பணியாளரிடம் 'இவ்வூரில் தயாரானது எது, புதிதாகத் திறந்த பீப்பாய் எது?' என்று கேட்பது எந்தச் செயலியையும்விட விரைவில் பயன் தரும். சிசரோன் என்னும் சான்றிதழ் பெற்ற பணியாளர்கள் பியரின் வகை, பராமரிப்பு, பரிமாறும் முறை ஆகியவற்றில் தேர்வெழுதித் தேறியவர்கள்.

அளவு அறிதல்

அமெரிக்காவில் 5 விழுக்காடு ஆல்ககால் உள்ள 12 அவுன்சு (355 மி.லி.) பியர் ஓர் 'அளவு மது' எனக் கணக்கிடப்படுகிறது. அதில் ஏறத்தாழ 14 கிராம் ஆல்ககால் உள்ளது. கைவினை பியர் பெரும்பாலும் 16 அவுன்சு (473 மி.லி.) பைன்ட் கோப்பையில் வருகிறது. அதன் ஆல்ககால் 7.5 விழுக்காடாக இருந்தால், அந்த ஒரு கோப்பையே இரண்டு அளவு மதுவுக்குச் சமம். இரண்டு கோப்பை அருந்தியவர் நான்கு அளவு அருந்தியிருப்பார். ஓர் அளவை நீக்க உடலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். காபியோ குளிர்ந்த நீரோ இதை விரைவுபடுத்தாது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கூட்டம் இருப்பவர் நினைவில் கொள்ள வேண்டிய கணக்கு இது.

பல வகைகளைச் சுவைக்க விரும்புவோர் 'ஃபிளைட்' எனப்படும் சிறு கோப்பை வரிசையைக் கேட்கலாம். ஒவ்வொன்றிலும் 4 அல்லது 5 அவுன்சு இருக்கும். நான்கு சிறு கோப்பைகள் சேர்ந்தால் ஒரு பைன்ட் கோப்பைக்குச் சமமோ சற்று மேலோ ஆகும். ஆல்ககால் குறைந்ததில் தொடங்கி மிகுந்ததில் முடிப்பது முறை.

சட்டங்கள்

- மது அருந்தும் வயது நாடு முழுவதும் 21. வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும். நரைத்தவரிடமும் அடையாளச் சான்று கேட்பது வழக்கம்.
- வாகனம் ஓட்டுவோருக்கான இரத்த ஆல்ககால் வரம்பு 0.08 விழுக்காடு. யூட்டா மாநிலத்தில் மட்டும் 2018 டிசம்பர் இறுதி முதல் 0.05 விழுக்காடு. இந்தியாவில் இது 0.03 விழுக்காடு. எனவே அமெரிக்க வரம்பை இந்தியர் பாதுகாப்பின் அளவாகக் கொள்ளக் கூடாது. வரம்புக்குக் கீழேயே தீர்ப்பாற்றலும் எதிர்வினை வேகமும் குறையத் தொடங்கிவிடுகின்றன. குடித்துவிட்டு ஓட்டுவதால் நேரும் விபத்துகளில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர்.
- திறந்த மதுக் கலத்துடன் தெருவிலும் தொடர்வண்டியிலும் செல்வது பெரும்பாலான இடங்களில் குற்றம்.
- யூட்டாவில் குழாயில் ஊற்றும் பியரின் ஆல்ககால் 5 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது.

வீட்டுக்கு எடுத்துச் செல்லல்

ஆலைகள் 64 அவுன்சு (1.9 லிட்டர்) கண்ணாடிக் கலத்திலும் 32 அவுன்சு டப்பாவிலும் பியரை நிரப்பித் தருகின்றன. இவ்வாறு நிரப்பிய பியர் சில நாட்களே தாங்கும். நெடும் பயணத்திற்கு ஆலையிலேயே அடைத்து மூடிய டப்பாக்களே ஏற்றவை. 100 மி.லி.க்கு மேற்பட்ட நீர்மங்களைக் கைப்பையில் கொண்டு செல்லப் பாதுகாப்புச் சோதனையில் அனுமதி இல்லை. ஆகவே துணிகளால் சுற்றி, பதிவு செய்யும் பெட்டியில் வைக்க வேண்டும். சொந்தமாகக் கொண்டுவந்த மதுவை வானூர்திக்குள் அருந்துவது நடுவண் விதிப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

ஆல்ககால் இல்லாக் கைவினை பியர்

அண்மைக் காலத்தில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவான ஆல்ககால் கொண்ட கைவினை பியர் பரவலாகியுள்ளது. 2017-இல் கனெக்டிகட் மாநிலத்தில் நிறுவப்பட்ட அத்லெட்டிக் நிறுவனம் இவ்வகையை மட்டுமே தயாரிக்கிறது. பல ஆலை அருந்தகங்களில் இவை கிடைப்பதால், மது அருந்தாத அலுவலக நண்பர்களும் ஒரே மேசையில் அமர முடிகிறது. எந்த அளவு மதுவும் உடல்நலத்திற்கு முற்றிலும் தீங்கற்றது அல்ல என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. கருவுற்றோரும், மருந்து உட்கொள்வோரும், மதுப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களும் இவற்றைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்பது நல்லது. 0.5 விழுக்காட்டுக்குக் குறைவு என்பது முற்றிலும் இல்லை என்று பொருளாகாது.