பண்டம் எங்கே? பதுக்கியவர் யார்?

கடையிலே பண்டம் இல்லை. ஏன் என்று கேட்டால், "பதுக்கிவிட்டான் வியாபாரி" என்கிறது ஆட்சிபீடம். ஆமாம் பதுக்கிவிட்டான் என்று திருப்பிச் சொல்கிறது ஊர். வரிசையிலே நிற்பவன் கையிலே காலிப் பை. எதிரே நிற்பவனோ கடைக்காரன். பழி சுமத்த அவனைவிடப் பக்கத்தில் வேறு ஆள் ஏது?

இலங்கையிலே 2021லும் 2022லும் நாம் கண்டது இதுதான். கடல் கடந்த கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? அந்தக் கடல், தனுஷ்கோடியிலே நின்றால் காலை நனைக்கும் கடல்.

2021 ஆகஸ்ட் 30ஆம் நாள் அதிபர் கோத்தபய ராஜபக்ச அவசரகால விதிகளைப் பிறப்பித்தார். அரிசியும் சர்க்கரையும் மக்களுக்குக் கிடைக்கச் செய்ய ஓர் ஆணையாளரை அமர்த்தினார். யார் அந்த ஆணையாளர்? உணவுத் துறை அறிந்தவரா? வாணிபம் தெரிந்தவரா? இல்லை, இராணுவத்தின் மேஜர் ஜெனரல்! கிடங்குக் கதவுகள் திறந்தன. பல்லாயிரம் டன் சர்க்கரை அகப்பட்டது. பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது மெய்தானே என்று மார்தட்டினர் அமைச்சர்கள்.

மெய்தான். பதுக்கல்காரன் பரிசுத்தவான் என்று வாதாட நாம் வரவில்லை. ஆனால், அந்தச் சர்க்கரைக்கு ஒரு முன்கதை உண்டு. அதை அமைச்சர்கள் சொல்லவில்லை. 2020 அக்டோபரிலே, இறக்குமதிச் சர்க்கரைமீது கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த வரி, ஒரே அறிவிப்பில் 25 சதம் ஆக்கப்பட்டது. ஐம்பது ரூபாய் எங்கே, கால் ரூபாய் எங்கே! ஏழை வீட்டுத் தேநீர் இனித்ததா? இல்லை. கடையில் விலை இறங்கவில்லை. அரசுக் கருவூலம் இழந்தது 1,500 கோடி இலங்கை ரூபாய்க்கும் மேல் என்று நாடாளுமன்றக் குழுவிலேயே கணக்கு வந்தது. கிடங்கைப் பூட்டியவன் வியாபாரி, ஒப்புக்கொள்வோம். பூட்டும் சாவியும் வாங்கிக் கொடுத்தவர் யார்?

சர்க்கரையாவது கிடங்கில் இருந்தது. பால்மா எங்கும் இல்லையே! கட்டுப்பாட்டு விலை, வெளிநாட்டிலே வாங்கும் விலைக்கும் கீழே போய்விட்டது. இழப்புக்கு இறக்குமதி செய்ய எந்த வணிகன் வருவான்? வந்தாலும், வங்கியிலே டாலர் இல்லை. கொழும்புத் துறைமுகத்திலே உணவுப்பொருளோடு கண்டெய்னர்கள் ஆயிரத்துக்கு மேல் முடங்கின. சரக்கு கரைக்கு வந்துவிட்டது; பணம் கட்டி எடுக்கத்தான் நாதி இல்லை. எந்த மேஜர் ஜெனரல் எந்தக் கிடங்கைச் சோதனையிட்டு டாலரைக் கண்டுபிடிப்பார்?

டாலர் போன வழியைப் பார்ப்போம். 2019 ஏப்ரலில் தேவாலயங்களிலே குண்டு வெடித்தது. 2020இல் கொரோனா வந்தது. உல்லாசப் பயணிகள் வரவில்லை. இவை ராஜபக்ச குடும்பம் வரவழைத்தவை அல்ல. ஆனால் 2019 இறுதியிலே, பதவி ஏறிய சூட்டோடு, 15 விழுக்காடாக இருந்த மதிப்புக்கூட்டு வரியை 8 ஆகக் குறைத்தது யார்? வருவாய் சரிந்தது, கடன் கொடுத்த உலகம் கதவைச் சாத்தியது. பிறகும் டாலருக்கு 200 ரூபாய் என்று இறுக்கிப் பிடித்தார்கள். வளைகுடாவிலே வேர்வை சிந்தியவன், வெளியிலே கூடுதல் கிடைக்கிறபோது வங்கியிலா போடுவான்? உண்டியலிலே அனுப்பினான். (கோயில் உண்டியல் அல்ல, நாம் ஹவாலா என்பதை அங்கே உண்டியல் என்பார்கள்.) 2019 முடிவிலே 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு, செலவழிக்கத் தக்கதாக 5 கோடிகூட இல்லை என்று 2022 மே மாதம் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவே உரத்தடை! இயற்கை உரத்துக்கு நாம் எதிரிகள் அல்லர். பத்தாண்டிலே மாறுவோம் என்பது தேர்தல் அறிக்கை. பத்தாண்டு ஏன் என்று எண்ணினார்களோ என்னவோ, 2021 மே மாதத்து ஓர் அரசிதழிலே முடித்துவிட்டார்கள். நவம்பரில் தடையை விலக்கிக்கொள்வதற்குள் வயலும் தேயிலைத் தோட்டமும் வாடின. தன் சோற்றைத் தானே விளைவித்த நாடு, இல்லாத டாலரைத் தேடி அரிசி வாங்கப் போயிற்று.

இனி மலையகத்துக்கு வாருங்கள். ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் அந்நாட்டுக்கு ஈட்டித் தருவது தேயிலை. கிள்ளுகிற கை யாருடையது? நம் மாவட்டங்களிலிருந்து கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் பேத்தியின் கை. அவளுக்கு நாட்கூலி 1,000 ரூபாய் என்று 2021இல்தான் அரசிதழிலே ஏறியது. அதே ஆண்டு அக்டோபரிலே விலைக்கட்டுப்பாட்டைத் தூக்கியதும், பால்மா கிலோ 945 ரூபாயிலிருந்து 1,195 ஆனது. நாளெல்லாம் கொழுந்து பறித்த கூலி, ஒரு கிலோ பால்மாவுக்குக் காணாது! கோதுமை மாவில் ரொட்டி தட்டி வயிறு கழுவும் குடும்பம் அது. அந்த மாவும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. டாலரை ஈட்டியவள் வீட்டிலே அடுப்பு அணைந்தது. அவளும் கடைக்காரனைத்தான் வைதிருப்பாள்.

அந்நாட்டு ஆட்சியாளருக்கு இது அறியாத பாடமா? 1953 ஆகஸ்ட் 12, அரிசிப் படி 25 சதத்திலிருந்து 70 சதம் ஆக்கப்பட்டதற்காக ஹர்த்தால் வெடித்தது; அக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். படித்தவர்கள் மறந்தார்கள், 2022 ஜூலையிலே மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்து நினைவூட்டினார்கள்.

அதற்கு முன்பே, 2022 மார்ச் 22ஆம் நாள், குழந்தைகளும் குடும்பமுமாக 16 பேர் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினர். போருக்கு அஞ்சி வந்தவர்களை நாம் அறிவோம். இவர்கள் விலைக்கு அஞ்சி வந்தவர்கள். 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் அனுப்பத் தமிழ்நாடு முடிவெடுத்தது. மே 18ஆம் நாள் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பிற்று. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் இலங்கை மக்கள் அனைவருக்கும் என்றே அது போயிற்று. சிங்களவன் பிள்ளைக்கும் பசிக்கும் என்று தெரிந்த நாடு நம் நாடு.

பதுக்கியவர் யார் என்ற கேள்விக்கு 2023 நவம்பர் 14ஆம் நாள் இலங்கை உச்சநீதிமன்றம் விடை சொன்னது. பொருளாதாரத்தைக் கெடுத்து மக்கள் நம்பிக்கையை மீறியவர்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு பெயர் குறித்தது: கோத்தபய, மகிந்த, பசில் என்ற சகோதரர் மூவர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள், கருவூல அதிகாரிகள். பலசரக்குக் கடைக்காரன் ஒருவன்கூட அந்தப் பட்டியலில் இல்லை. மனுதாரருக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது மன்றம். இழப்பீடு என்று எவருக்கும் எதுவும் விதிக்கப்படவில்லை.