சொல்லுக்குள் ஒளிந்த சொல் – 7
கே என்னும் எழுத்து

பழைய ஆங்கிலேய ஆவணங்களில் கொடைக்கானல் அமைந்துள்ள மலைக்கு வழங்கிய பெயரான ‘பல்னி’யின் ஐந்து எழுத்துக்களை அகரவரிசையில் அடுக்கினால் ஏ, ஐ, எல், என், பி என்று வரும் என்பதையும், சமவெளியைக் குறிக்கும் ‘பிளெயின்’ என்ற சொல்லை அடுக்கினாலும் அதே வரிசை வரும் என்பதையும் சென்ற வாரம் கண்டோம். அதற்கு மேல் பழங்கதை வேண்டாம். கொடுத்த எழுத்துக்கள் அனைத்தையும் தன்னுள் கொண்ட ஆங்கிலச் சொற்களைத் தேடும் மார்க்கத்தை இந்த வாரம் முழுமையாக விவரிப்பதாக வாக்களித்திருந்தேன்; அந்த எண்ணத்தோடுதான் வத்தலக்குண்டில் கொடைக்கானல் பேருந்து ஏறினேன்.

மலைப்பாதையில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், கொடைக்கானல் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த பலகை ஒன்று கடந்துபோனதும் அதன் எழுத்துக்களை விரலால் எண்ணத் தொடங்கினான்.

“அப்பத்தா, இந்தப் பேருக்குள்ள கோவாலா இருக்கு!”

“அது என்னய்யா?”

“ஆஸ்திரேலியாவுல மரத்து மேலயே கிடக்கிற பிராணி அப்பத்தா. யூகலிப்டஸ் இலைதான் திங்கும்.”

“தைலமரமா? அதுதான் நம்ம மலை பூராவும் நிக்குதே. இங்க வந்தா பட்டினி கிடக்காது.”

அக்கண்டத்திலிருந்தே வெள்ளைக்காரர் கொணர்ந்து நட்ட மரம் அது. அதைத் தின்று வாழும் பிராணியின் பெயர் இவ்வூரின் பெயருக்குள் இருப்பதைக் கண்ட அச்சிறுவனுக்கு இத்தொடரின் ஓர் அத்தியாயத்தையே நான் கடன்பட்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். கே, ஓ, ஏ என்ற மூன்று எழுத்துக்களைக் கொடுத்து, இவை எந்த வரிசையிலேனும் அமைந்த சொற்களைக் கூறுக என்று ஒருவர் கேட்டால், ஏ என்னும் எழுத்திலிருந்து தேடப் புறப்படுபவர் அகராதி முழுவதையும் சுமக்க நேரும். கே-யிலிருந்து புறப்படுபவருக்கோ சுமை பெரிதும் குறைந்துவிடும். அரிய எழுத்தை முதலில் பற்றுவதே இக்கலையின் மூலசூத்திரம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்திருந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், பத்திரிகைப் பக்கங்களில் எழுத்துக்களின் எண்ணிக்கையைப் பொறுமையாகக் கணக்கிட்டே, பிற்காலத்தில் ஸ்கிராபிள் எனப் பெயர்பெற்ற விளையாட்டின் 100 வில்லைகளைப் பங்கிட்டார். அவற்றில் ஈ-க்குப் பன்னிரண்டும் ஏ-க்கு ஒன்பதும் கிடைக்க, கே-க்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்த அரிய எழுத்தை நம் கொடைக்கானல் இரண்டு முறை அணிந்திருக்கிறது. அதனால்தான் கோவாலாவும், வெள்ளை முள்ளங்கிக்கு ஜப்பானியர் வழங்கிய ‘டைகான்’ என்ற பெயரும், பீங்கான் செய்யும் வெண்களிமண்ணான ‘கயோலி’னும் இதற்குள் இடம்பெற்றிருக்கின்றன. கயோலின் என்பதே சீன தேசத்தில் ‘உயர்ந்த மேடு’ என்று பொருள்படும் ஒரு மலையின் பெயரிலிருந்து பிறந்த சொல் என்பதை எண்ணும்போது, ஒரு மலைக்குள் மற்றொரு மலை இருப்பதுபோன்ற ஆனந்தம் உண்டாகிறது.

ஆயினும் என்னை இரண்டு இரவு உறங்கவொட்டாமல் செய்தது இவை எவையும் அல்ல. ஊர்ப்பெயரின் முதல் ஆறு எழுத்துக்களை எழுதி, ஐ என்ற ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். எஞ்சுவது ‘கோடாக்’! 1888-ஆம் ஆண்டில் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் புகைப்படக் கருவிக்கு இட்ட பெயர் அது. எந்த மொழியிலும் பொருள் தராத, எவராலும் பிழையாக எழுத முடியாத ஒரு சொல்லை விரும்பிய அவர், கே என்னும் எழுத்தின் மீது கொண்டிருந்த அளவற்ற பிரியத்தால், அதிலேயே தொடங்கி அதிலேயே முடியும்படி எழுத்துக்களைப் பலவாறு கூட்டிப் பார்த்து அதை உருவாக்கினார். அவருடைய தாயாரின் பிறந்தகத்துப் பெயரான கில்பர்னும் கே-யில் தொடங்குவதே. தாயும் மகனுமாக எழுத்துவில்லைகளை மேஜைமீது பரப்பி அப்பெயரைக் கண்டார்கள் என்றும் கூறுவதுண்டு.

பொருளற்ற சொல் என்று அவர் கருதியது, தமிழர் நாவில் அதற்கு முன்பே ஒரு மலையூரின் பெயருக்குள் பொருளோடு வாழ்ந்துகொண்டிருந்தது. அது மட்டுமா! சொல்லின் இடையில் வரும் ஐகாரம் தன் மாத்திரையில் குறையும் என்று நம் இலக்கணிகள் ஐகாரக்குறுக்கம் வகுத்திருக்கிறார்கள் அல்லவா? ஈஸ்ட்மனின் சொல்லுக்குக் குறுக்கே நிற்கும் அந்த ஐ, சரியாக அந்தக் குறுகும் ஐகாரத்தின் அடையாளமே. வத்தலக்குண்டு நிலையத்தில் நடத்துநர் ‘கொடக்கானல், கொடக்கானல்’ என்று கூவியபோது, ஆங்கில எழுத்திலிருந்து நான் முயன்று நீக்கிய ஐகாரத்தை அவர் நாவு இயல்பாகவே நீக்கியிருந்தது. இதை உணர்ந்த கணத்தில், கொடைக்கானலின் கோக்கர் நடைபாதையில் மூடுபனிக்கிடையே நின்றிருந்த நான் எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன்.

புகைப்படத்துக்கும் இவ்வூருக்கும் உள்ள பந்தம் வெறும் எழுத்தளவில் நிற்பதன்று. 1899-இல் இங்கு நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலாக நூறாண்டுகளுக்கு மேல் சூரியனைப் படம் பிடித்துச் சேமித்து வந்திருக்கிறார்கள். சூரிய ஒளியைப் பிரித்தால் தோன்றும் கருங்கோடுகளுக்கு ஆங்கில எழுத்துக்களைப் பெயராக இடும் வழக்கத்தை ஃபிரான்ஹோஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர் தொடங்கிவைத்தார். அவ்வரிசையில் பின்வந்தோர் சேர்த்ததும், ஊதா நிறப் பகுதியில் கால்சியத்தால் உண்டாவதுமான ஒரு கோட்டின் ஒளியில் எடுத்த படங்களே இவ்வாய்வுக்கூடத்தின் பெருஞ்செல்வம். அக்கோட்டின் பெயர் கே.

அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து காத்திருக்கிறார். எழுத்துக்களை அகரவரிசையில் அடுக்கி ஓர் அகராதியையே புதிதாக எழுதும் முறையையும், ஒரு செய்யுளின் எழுத்துக்களை மற்றொரு செய்யுளுக்குள் மறைத்துவைக்கும் கரந்துறைச் செய்யுளைத் தண்டியலங்காரம் சொல்லும் விதத்தையும் அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் வாசகர்கள் ‘ஷோலா’ என்ற சொல்லின் ஐந்து எழுத்துக்களும் அமைந்த ஆங்கிலச் சொற்களைத் தேடி வைத்திருக்கட்டும். நம்முடைய சோலைதான் அது, ஆங்கில அகராதிக்குள் போய்க் குடியேறியிருக்கிறது.