கடற்கரையிலிருந்து ஏலமலைக்கு

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, "இவ்வாண்டு எங்கே செல்வது?" என்பதுதான். கடலோர ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு அலையும் மணலும் அன்றாடக் காட்சிகள். மலையும் குளிரும்தான் பிள்ளைகளின் கனவு. அந்தக் கனவுக்கு வழிகாட்டும் சாலையொன்று நம் கடற்கரையிலேயே முடிகிறது என்பதை எத்தனை பேர் அறிவர்?

கொச்சியிலிருந்து புறப்பட்டு மூணாறு வழியாக வரும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, போடிமெட்டில் தமிழகத்துள் நுழைந்து போடிநாயக்கனூர், தேனி, உசிலம்பட்டி, மதுரை, சிவகங்கை ஆகிய ஊர்களைக் கடந்து தொண்டியில் கடலைத் தொடுகிறது. தொண்டி வாசி தன் வாசலில் வண்டியேறினால், சாலை மாறாமலேயே ஏலக்காய்த் தோட்டத்தில் இறங்கலாம். கீழக்கரை, இராமநாதபுரம் பகுதியினர் பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரைக்கு வந்து இதே சாலையில் சேர்ந்துகொள்ளலாம்.

ஆனால், இப்பயணத்தைத் திட்டமிடுவோர் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் பயணத்தைத் தூரத்தால் அளக்கலாம். மலையில் பகல் வெளிச்சத்தால்தான் அளக்க வேண்டும். மதுரையிலிருந்து தேனி ஏறத்தாழ 75 கி.மீ.; அங்கிருந்து போடி 15 கி.மீ. இவை எளிதில் கடந்துவிடும். போடியிலிருந்து போடிமெட்டு 26 கி.மீ. அளவுதான். எனினும் முந்தலைத் தாண்டியதும் தொடங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 4,500 அடி உயரத்திற்கு நம்மைக் கொண்டு செல்கின்றன. அரைமணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று எண்ணுவோர், பிள்ளைகளின் வாந்தியையும் வழியில் இறங்கும் மூடுபனியையும் கணக்கில் எடுக்காதவர்கள்.

எப்போது செல்வது?

சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டுகிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்ததில் 70 பேரை இழந்தோம். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பத்தினர். மழை எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தை ஒத்திவைப்பது கோழைத்தனமன்று. குடும்பத் தலைவரின் கடமை.

பிப்ரவரிக்குப் பின் காடு காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேற்றம் சென்ற இளைஞரும் இளம்பெண்களுமாக 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே வனத்துறையின் அனுமதியின்றி எவரேனும் காட்டுக்குள் அழைத்துச் செல்வதாகக் கூறினால், மறுத்துவிடுங்கள்.

கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர் இறுதியும் சனவரியும் நமக்கு ஏற்ற காலம். அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. ஆடி, ஆவணியில் தொடங்கும் ஏலக்காய் அறுவடையின் கடைசிச் சுற்றுகளையும் அப்போது காணலாம்.

மூன்று நாள் திட்டம்

முதல் நாள், பஜ்ருத் தொழுகைக்குப் பின் புறப்படுங்கள். மதுரையில் சற்று ஓய்ந்து, மாலைக்குள் போடியை அடைந்துவிடலாம். இரவில் மலையேற வேண்டா, போடியிலேயே தங்குங்கள். வாகனமில்லாதோர் இரயிலிலும் இவ்வூரை அடையலாம். 1928இல் திறக்கப்பட்ட மதுரை – போடி இரயில் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்டு, 2023 சூன் 15 முதல் மீண்டும் போடி வரை இயங்குகிறது.

இரண்டாம் நாள் வண்டிக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டு, காலை ஒன்பது மணியளவில் மலையேறுங்கள். ஏன் அதிகாலையில் வேண்டா என்கிறோம்? போடியிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை நெருக்கமாக ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் நேரம் அது. பிற்பகலில் அவை அதேபோல் இறங்கிவரும். நாம் பார்த்து மகிழச் செல்லும் இந்தச் சாலை அவர்களுக்கு அன்றாட வயிற்றுப்பாடு. இதில் நேர்ந்த விபத்துகள் பல. இழந்த உயிர்களும் பல. அவர்கள் நேரத்தில் நாம் குறுக்கே நில்லாதிருப்பதும், வளைவில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவதும் நாம் செய்யக்கூடிய சிறு உதவிகள்.

போடிமெட்டு மாநில எல்லை. வாடகை வண்டியாயின் கேரளத்திற்கான அனுமதியும் வரியும் செலுத்தப்பட்டுள்ளனவா என்று புறப்படுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை கடந்தால் பூப்பாறை. அங்கிருந்து ஒரு பாதை மூணாறு செல்கிறது. போடிமெட்டு – மூணாறு இடையிலான 42 கி.மீ. சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. மூணாறு காண விரும்புவோர் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதே மூன்று நாளுக்குள் திணிக்காதீர்கள். மற்றோர் சாந்தன்பாறைப் பக்கமாகத் திரும்பினால் ஏலக்காட்டின் நடுவே தங்கலாம். இருட்டிய பின் வெளியே செல்ல வேண்டா. யானைகள் நடமாடும் பகுதி இது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு பெரியாறு காட்டில் விடப்பட்ட 'அரிக்கொம்பன்', அடுத்த மாதமே கம்பம் நகரத் தெருக்களுக்குள் புகுந்ததை நாடே கண்டது.

மூன்றாம் நாள் உடும்பன்சோலை, நெடுங்கண்டம் வழியாகக் கம்பம்மெட்டுக்கு வந்து, ஜீப்புகள் திரும்பும் நேரத்திற்கு முன்பே கம்பத்தில் இறங்கிவிடுங்கள். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்குவதே மலைச்சாலையின் விதி. பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கம்பத்தில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையை வாங்கிக்கொண்டு, உத்தமபாளையம், தேனி வழியாக மதுரை சேரலாம்.

தொழுகையும் உணவும்

பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை நமக்கு உண்டு. கடலோர மக்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபினர். அவர்கள் அவ்வாறு சேர்ப்பதில்லை. அஸர் நேரமும் அங்கே சற்றுப் பிந்தியே தொடங்கும். ஊரில் பாங்கு கேட்கும் நேரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கு எல்லாப் பள்ளிகளிலும் இடவசதி இருக்காது. ஆகவே முஸல்லாவும் தண்ணீரும் வண்டியிலேயே இருக்கட்டும். போடி, தேனி, கம்பம் ஆகிய ஊர்களில் ஹலால் உணவு கிடைக்கும். மலையேறும் காலையில் மட்டும் பிள்ளைகளுக்கு எண்ணெய்ப் பலகாரம் தவிர்த்து இட்லியோடு நிறுத்துங்கள்.

உத்தமபாளையத்தில் 1956இல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியை வழியில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இக்கல்லூரியால் இப்பள்ளத்தாக்கின் எத்தனையோ இல்லங்களில் பட்டதாரிகள் தோன்றினர்.

சகோதரிகளுக்கு

நம் வீட்டுப் பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் மணமூட்டும் ஏலக்காய், மரத்தின் உச்சியில் காய்ப்பதன்று. ஆளுயரச் செடியின் அடியில், தரையையொட்டிப் படரும் கொத்துகளில் அது விளைகிறது. பெண்கள் மரநிழலின் ஈரத்தில் குந்தியமர்ந்து, முற்றிய காயை மட்டும் தேர்ந்து பறிக்கிறார்கள். நாற்பது நாள்களுக்கு ஒருமுறை அதே செடிக்கு மீண்டும் வருகிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் இது ஏலம் விடப்படுகிறது. 2018 வெள்ளத்திற்கும் அடுத்த ஆண்டின் வறட்சிக்கும் பின், 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை சென்றது. அரபு நாடுகளில் நம் பிள்ளைகள் பருகும் 'கஹ்வா'வின் மணமும் இந்தக் காய் தருவதே.

வாங்கும்போது வாய் மூடிய, உள்விதை கறுத்துப் பிசுபிசுப்புள்ள காய்களைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரில் பச்சைச் சாயம் இறங்கினால் அது செயற்கை நிறம். விலை கூடுதல் என்று முணுமுணுக்குமுன், காலையில் ஜீப்பில் ஏறிய அப்பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பயணம் முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகள் பார்த்தவற்றை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பனியையும் யானையையும் எழுதுவார்கள். அந்த ஜீப்பையும் எழுதியிருந்தால், நீங்கள் செலவழித்த பணம் வீண்போகவில்லை. இன்ஷா அல்லாஹ், நலமே சென்று நலமே திரும்புங்கள்.