ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஹப்பிள் வரை

உங்கள் கம்ப்யூட்டரில் ரேம் மாற்றுவது பெரிய வேலையில்லை. பவரை நிறுத்திவிட்டு, கேபினட்டைத் திறந்து, பழையதை எடுத்துப் புதியதைச் செருகினால் முடிந்தது. ஸ்க்ரூ கீழே விழுந்தால் தரையில் தேடிக்கொள்ளலாம். இதே மாதிரி ஒரு சர்வீஸைப் பூமிக்கு மேலே சுமார் 590 கிலோமீட்டர் உயரத்தில், தடித்த கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டுமென்றால்? 1993-ல் நாஸா அந்த வேலைக்குத் தலைமை தாங்கத் தேர்ந்தெடுத்தது ஒரு சர்ஜனை. அவர் பெயர் ஸ்டோரி மஸ்கிரேவ்.

டாக்டருக்கும் ஸ்பேனருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அவர் முதலில் பிடித்தது ஸ்பேனரைத்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, 1953-ல் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து விமான எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். பிறகுதான் கல்லூரி. 1958-ல் கணிதம், புள்ளியியலில் பட்டம். 1959-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் எம்.பி.ஏ., அதில் அவர் எடுத்த பாடங்களில் ஒன்று கம்ப்யூட்டர் புரோகிராமிங். அப்போது மவுஸ் கிடையாது; அறை நிறைய நிற்கும் இயந்திரத்துக்கு அட்டையில் ஓட்டை போட்டு புரோகிராம் கொடுக்க வேண்டும்.

இயந்திரம் கணக்குப் போடும் விதத்தைப் பார்த்தவருக்கு, மூளை எப்படி வேலை செய்கிறது என்ற ஆர்வம் வந்தது. அதற்காக வேதியியல் படித்தார். 1964-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். இன்ஜினியரிங் முடித்து சாஃப்ட்வேர் எழுதும் என்னைப் போன்றவர்களுக்கு, இந்த வயதில் இன்னொரு படிப்பா என்று மலைப்பாக இருக்கும். அவருக்கு அப்போது வயது முப்பதைத் தொடவில்லை.

1967-ல் நாஸா அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் முதல் பயணம் கிடைத்தது 1983-ல்! இடைப்பட்ட 16 ஆண்டுகளும் டென்வர் நகர மருத்துவமனையில் பகுதி நேர சர்ஜனாக ஆபரேஷன் செய்துகொண்டே இருந்தார். நாஸாவிலோ, ஸ்பேஸ் ஷட்டிலுக்கான விண்வெளி உடை, உயிர்காக்கும் சாதனங்கள் ஆகியவற்றின் வடிவமைப்பில் பங்கு. ஷட்டிலின் எலெக்ட்ரானிக்ஸையும் சாஃப்ட்வேரையும் தரையிலேயே சோதிக்கும் கூடத்திலும் வேலை பார்த்தார். நம் பாஷையில் சொன்னால் டெஸ்டர். 1983-ல் அந்த உடையை மாட்டிக்கொண்டு ஷட்டிலிலிருந்து முதன்முதலில் வெளியே வந்த இருவரில் அவரும் ஒருவர்.

இப்போது ஹப்பிளுக்கு வருவோம். 1990-ல் அனுப்பப்பட்ட இந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி 2.4 மீட்டர் அகலம். அதன் ஓரம் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்க்கப்பட்டுவிட்டது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான், ஆனாலும் படங்கள் மங்கிப் போயின. சரிசெய்யும் பயணத்துக்குப் பயிற்சி எடுத்தபோது, 1993 மே மாதம், கடுங்குளிரூட்டிய வெற்றிட அறையில் மஸ்கிரேவின் விரல்கள் உறைபனியால் பாதிக்கப்பட்டன. சர்ஜனுக்கு விரல்தானே எல்லாம்! குணமாகி, டிசம்பரில் கிளம்பிவிட்டார்.

முதல் நாளே சோதனை. கைரோஸ்கோப்புகளை மாற்றிய பிறகு தொலைநோக்கியின் கதவு சரியாக மூடவில்லை. மஸ்கிரேவும் ஜெஃப்ரி ஹாஃப்மனும், இழுத்து இறுக்கும் கருவி ஒன்றை மாட்டி, கதவுகளை மெல்ல மெல்ல நெருக்கி மூடினார்கள். அன்றைய வேலை ஏறக்குறைய 8 மணி நேரம்.

மொத்தம் ஐந்து முறை வெளியே போனார்கள். மஸ்கிரேவ் ஜோடி மூன்று முறை. கேத்ரின் தார்ன்டன், டாம் ஏக்கர்ஸ் ஜோடி இரண்டு முறை. இரண்டாவது ஜோடி செய்த ஒரு வேலை நமக்கு நெருக்கமானது: ஹப்பிளின் பழைய கம்ப்யூட்டருக்குத் துணையாக 386 ரக கோபிராசஸரைப் பொருத்தினார்கள். அதே 1993-ல்தான் கடைக்கு பென்டியம் வந்தது. நாஸாவுக்குப் பணமில்லாமல் இல்லை. விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்கும் என்று ஒரு சிப்பைச் சோதித்து உறுதி செய்யவே ஆண்டுக்கணக்கில் ஆகிவிடும். 1999 டிசம்பரில் மாற்றியபோதுகூட வைத்தது 486-தான்.

மஸ்கிரேவ் கடைசியாகப் பறந்தது 1996-ல், 61-வது வயதில். ஷட்டில் பூமிக்குத் திரும்பும்போது மற்றவர்கள் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் நின்றபடியே ஜன்னலுக்கு வெளியே தெரிந்த நெருப்பு வெளிச்சத்தை வீடியோ கேமராவில் பதிவு செய்துகொண்டிருந்தார்.