எல்லையோர ஊர்களுக்குத் தாமதமாகத் திரும்பிய ரயில்

புதுதில்லி: கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இன்றுவரை ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. அம்மாவட்டத்தின் ஏலமலைகளில் விளையும் ஏலக்காய்க்கும், அங்கு உழைக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் ரயில் என்றால் அது மலைக்குக் கிழக்கே, தமிழகத்தின் போடிநாயக்கனூரில்தான் இருக்கிறது. அந்த ரயிலும் 12 ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் நின்றிருந்தது.

மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டு, 1950-களில் மீண்டும் இயங்கியது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட சேவை, 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதம் போடி வரையிலும் திரும்பியது. தலைநகர் சென்னையிலிருந்து மதுரைக்கு வாரம் மூன்று நாள் ஓடிய விரைவு ரயில் அப்போது போடி வரை நீட்டிக்கப்பட்டது.

வெள்ளம் கொண்டு சென்ற பாதை

ரயிலே காணாத மாவட்டம் அல்ல இடுக்கி. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. வண்டியை இழுத்தவை மாடுகள். 1908-இல் அது குறுகிய ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியே மலையடிவாரத்துக்கு இறங்கிய தேயிலை, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சென்றது. 1924 ஜூலையில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் இந்த ரயில் பாதை அழிந்தது. பிறகு அதை மீண்டும் அமைக்க யாரும் முன்வரவில்லை.

தொடுபுழா வழியாக இடுக்கி மாவட்டத்தைத் தொட வேண்டிய அங்கமாலி - சபரி பாதைக்கு 1997-98 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. அதில் தண்டவாளம் போடப்பட்டது காலடி வரை மட்டுமே.

கொல்லங்கோட்டின் கதை

பாலக்காடு எல்லையிலும் இதே நிலைதான். வேங்ஙநாடு நம்பிடிகளின் தலைநகராக விளங்கிய கொல்லங்கோடு, மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற முதலமடை, தமிழக எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களை இணைப்பது 1932-இல் திறக்கப்பட்ட பொள்ளாச்சி - பாலக்காடு பாதை. மீட்டர் கேஜ் காலத்தில் இவ்வழியே ராமேசுவரத்துக்கு நேரடி ரயில் ஓடியது. 2008 டிசம்பரில் மூடப்பட்ட பாதை, 2015 நவம்பரில் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. சென்னை - பாலக்காடு விரைவு ரயில் பழனி, பொள்ளாச்சி வழியாக இப்பாதையில்தான் செல்கிறது. ஆனால் ராமேசுவரத்துக்கு நேரடி ரயில் திரும்ப, அமிர்தா எக்ஸ்பிரஸ் மதுரைக்கு அப்பால் நீட்டிக்கப்பட்ட 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதையைச் சீரமைக்க ஆனது ஏழு ஆண்டு. பழைய சேவை திரும்ப ஆனது மேலும் பத்தாண்டு.

யாருடைய கோரிக்கை?

தண்டவாளம் போடுவது ஒன்று. மக்களுக்குப் பயன்படும் ரயிலை ஓட்டுவது வேறொன்று. எல்லைப் பகுதிகளில் இரண்டுக்கும் இடைவெளி நீள்வதற்கு அரசியல் காரணமும் உண்டு. ஏலத்தோட்டங்கள் கேரளத்தில் உள்ளன. போடி ரயில் நிலையம் தமிழகத்தில் உள்ளது. ஏலக்காய்க்கான நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களோ இடுக்கியின் புற்றடியிலும் போடியிலுமாக இரு மாநிலங்களிலும் உள்ளன. பொள்ளாச்சி நிலையம் தமிழகத்தில் இருந்தாலும் பாலக்காடு கோட்டத்தின் கீழ் வருகிறது. 2007-இல் அக்கோட்டத்தைப் பிரித்துச் சேலம் கோட்டம் அமைக்கப்பட்டபோது இரு மாநிலங்களிலும் அரசியல் சூடு பறந்தது. கோட்டத்தின் எல்லைக்காக எழுந்த அந்தக் குரல், எல்லையோர ஊர்களின் ரயிலுக்காகவும் சேர்ந்து எழ வேண்டும்.

தமிழக உறுப்பினர்கள் போடிக்காகவும், கேரள உறுப்பினர்கள் சபரி பாதைக்காகவும் நாடாளுமன்றத்தில் தனித்தனியே கேட்டால், மலையின் இருபுறமும் வாழ்வோரின் தேவை பாதியாகவே பதிவாகும். காலையில் போடிமெட்டு ஏறி மாலையில் இறங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாநில எல்லை ஒரு சோதனைச் சாவடி மட்டுமே. ரயில்வேயின் கணக்கிலும் அது அவ்வளவாகவே இருக்க வேண்டும்.