தொலையுணர்வும் தியாகராய நகரின் ஏரியும்

தொடாமலேயே ஒரு பொருளின் தன்மையை அறிவதைத் தொலையுணர்வு என்கிறோம். நிலத்தில் பட்டுத் திரும்பும் கதிர்களைச் செயற்கைக்கோளின் உணரிகள் அளந்து பதிகின்றன. நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிரே இதில் பெரிதும் துணைசெய்வது. செழித்த இலைகள் அதனை மிகுதியாகத் திருப்பியனுப்பும், நீரோ விழுங்கிவிடும். ஆகவே வழக்கமான பொய்வண்ணப் படத்தில் அடையாறு பிரம்மஞான சபையின் தோப்பு சிவப்பாகவும், அருகிலுள்ள முகத்துவாரம் கருமையாகவும் தெரியும். பழகிய கண்ணுக்கு அச்சிவப்பே பசுமை.

1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ வழியாக நம் நாட்டுக்கும் இப்பார்வை வாய்த்தது. அதன் கருவிகளுள் ஒன்று 72.5 மீட்டர் சதுரத்தை ஒரே புள்ளியாகக் கண்டது. மயிலாப்பூரின் மாடவீதிகளை அதில் பிரித்தறிய இயலாது.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மேகம் குறுக்கிட்டது. மேகத்தை ஊடுருவுவது ரேடாரின் நுண்ணலை. அசைவற்ற நீர்ப்பரப்பு அவ்வலையை வேறுபுறம் தள்ளிவிடுவதால் படத்தில் கருமையாகப் பதியும். வயல்வெளிக்குப் பொருந்தும் இவ்விதி தியாகராய நகர்த் தெருக்களுக்குப் பொருந்துவதில்லை. அங்கே நீரில் பட்ட அலை சுவரில் மோதித் திரும்பி, வெள்ளம் நின்ற இடத்தை ஒளிர்வாகவே காட்டக்கூடும். மூழ்கிய தெரு வறண்டதாக வரைபடத்தில் ஏறிவிட்டால் உதவிப் படகு வேறு திசையில் போகும். களத்தில் ஒப்புநோக்காத வரைபடத்தை நாம் முழுமையாக நம்பலாகாது.

இன்னொன்று. தியாகராய நகர் 1920களில் லாங் டேங்க் என்னும் ஏரியின் பரப்பில் எழுந்தது. முதல் லேண்ட்சாட் 1972இல்தான் ஏவப்பட்டது. அவ்வேரியின் முழுப்பரப்பை எச்செயற்கைக்கோளும் கண்டதில்லை. பழைய நிலவரைபடத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்தினால்தான் அதன் கரை புலப்படும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரியைத்தான் காணோம்.